வானொலியில் என் கணவர்

நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆனால் வானொலியில் பல வருடங்கள் ஒரே மனிதருக்கு மனைவியாக இருந்தேன்.

அது வாரம் ஒருமுறை மாலையில் ஒலிபரப்பான குடும்ப நிகழ்ச்சி. சிறுசேமிப்பு, தடுப்பூசி, கொசு ஒழிப்பு, பெண்பிள்ளைகளின் படிப்பு என்று அரசாங்கம் ஜனங்களுக்குச் சொல்ல நினைப்பதையெல்லாம் ஒரு கணவனும் மனைவியும் வீட்டுப் பேச்சாகப் பேசிக்கொள்வார்கள். தொடக்கம் மட்டும் எல்லா வாரமும் ஒன்றுதான். சைக்கிள் மணி ஒலிக்கும். நான் மைக்கிலிருந்து சற்றுத் தள்ளி நின்று, "வந்துட்டீங்களா?" என்று கேட்டுக்கொண்டே கிட்டே வருவேன். உள்ளறையிலிருந்து மனைவி வாசலுக்கு வருவதுபோல் கேட்பவர்களுக்கு இருக்க வேண்டும். அவர் சொல்வார்: "வந்துட்டேன். உன் குரலைக் கேட்டாத்தான் வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கு."

அதற்குப் பிறகு கொசுவைப் பற்றிப் பேசுவோம்.

ஒரே மைக்கின் இரண்டு பக்கமும் எதிரெதிரே நிற்போம். காகிதம் சரசரக்கக் கூடாது என்பதால் படித்து முடித்த பக்கத்தைக் கீழே இருந்த கம்பளத்தில் நழுவ விடுவோம். நிகழ்ச்சி முடியும்போது எங்கள் காலடியில் எங்கள் குடும்ப வாழ்க்கை பக்கம் பக்கமாகக் கிடக்கும். அவர் தொண்டைக்காகக் கிராம்பு மெல்வார். அந்த வாசனையும் குளிர்சாதன அறையின் ஈரக் கம்பள வாசனையும்தான் எனக்கு அந்த வருடங்களின் வாசனை. சிவப்பு விளக்கு அணைந்ததும் குனிந்து பக்கங்களைப் பொறுக்கிக்கொடுப்பார். "வரேம்மா" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸைப் பிடிக்கப் போய்விடுவார். துறைமுகத்தில் வேலை, கல்யாணமானவர், ஒரு பெண் குழந்தை என்பதற்கு மேல் அவரைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. என்னைப் பற்றி அவருக்கு அதுகூடத் தெரிந்திருக்காது.

பகலில் ஒரு தனியார் நிறுவனத்தில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தேன். அம்மாவும் நானும் சைதாப்பேட்டையில் வாடகைக்கு இருந்தோம். மாப்பிள்ளை பார்க்காமல் இல்லை. ஒருவர் எல்லாம் சரி என்றார், ரேடியோவுக்குப் போவதை மட்டும் நிறுத்திவிட வேண்டும் என்றார். நான் நிறுத்தவில்லை. கலைக்காக என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ள அதில் ஒன்றும் இல்லை. அந்த மாலைகள் எனக்குப் பிடித்திருந்தன, அவ்வளவுதான். அதற்குப் பிறகு வந்தவர்கள் குறைந்தார்கள். பிறகு யாரும் வரவில்லை.

ஒரு வருடம் புது அதிகாரி வந்தார், நிகழ்ச்சி நின்றது. கடைசி ஒலிப்பதிவு என்று தெரியாமலே கடைசி ஒலிப்பதிவைச் செய்திருந்தோம். அவரிடம் விடைபெற்றுக்கொள்ளவில்லை. நான் பண்பலை விளம்பரங்களில் பேசினேன். ஊறுகாய், நகைக்கடை, கொசுவத்தி. சினிமா டப்பிங்கில் கூட்டத்தில் ஒரு குரலாக அழுதேன். அம்மா போன பிறகு, வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், ஒரகடம் பக்கம் ஒரு அடுக்குமாடியில் சின்ன வீடாக வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வெளிநாட்டில் இருக்கும் தம்பிதான், "அக்கா, அங்க நல்லா டெவலப் ஆகும்" என்றான். ஆனது. என் பால்கனியிலிருந்து பார்த்தால் ஒரு பக்கம் கார் தொழிற்சாலையின் நீலக் கூரை, இன்னொரு பக்கம் பிளாட் போட்டு நட்ட கற்கள், நடுவில் மாடு மேயும் ஒரு துண்டு நிலம். இரண்டு பக்கத்து வீட்டிலும் தெற்கிலிருந்து வந்த பையன்கள். ஷிப்டுக்குப் போவார்கள், வருவார்கள், தூங்குவார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் அவர்கள் ஊருக்குப் போன் பேசுவது கேட்கும். படிக்கட்டில் பார்த்தால் ஒதுங்கி வழிவிடுவார்கள். மரியாதையான பிள்ளைகள். அந்த மரியாதையிலேயே பேச்சு முடிந்துவிடும்.

ஒருநாள் சாயங்காலம் கடையில் பால் பாக்கெட் கேட்கப் போனேன். குரல் எழும்பவில்லை. செருமிவிட்டுத் திரும்பக் கேட்க வேண்டியிருந்தது. அன்றைக்கு அதுதான் என் முதல் வார்த்தை என்பது அப்போதுதான் உறைத்தது.

அந்தச் சமயத்தில்தான் தாம்பரத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கும் ஒருவர் தொழிற்சாலை அறிவிப்புகளுக்குக் கூப்பிட்டார். "பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் உள்ளே செல்ல வேண்டாம்." "மஞ்சள் கோட்டைத் தாண்டி நிற்க வேண்டாம்." "அவசர காலத்தில் லிப்டைப் பயன்படுத்த வேண்டாம்." எல்லாமே வேண்டாம். ஒரு தொழிற்சாலையில் பிடித்துப்போய் அடுத்த தொழிற்சாலையிலும் கேட்டார்கள். ஒரகடம் முனையில் கம்பெனிப் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் ஆண்களையும் பெண்களையும் பார்க்கும்போது, இவர்களில் பாதிப்பேர் தினமும் என் குரலைக் கேட்கிறவர்கள் என்று நினைத்துக்கொள்வேன். அவர்கள் என்னைத் தாண்டி ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

வல்லம் வடகாலில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலைக்குப் பேசியதில் சில வரிகளை மாற்ற வேண்டும் என்றார்கள். அங்கேயே வந்து ஒருமுறை பார்த்துவிட்டுப் பேசினால் நல்லது என்று கூப்பிட்டிருந்தார்கள். பாதுகாப்புப் பிரிவில் மேலாளராக இருந்த பெண் என்னைச் சுற்றிக் காட்டினாள். நாற்பது வயதிருக்கும். நான் புது வரிகளைப் படித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மேடம், தப்பா நெனச்சுக்காதீங்க. நீங்க முன்னாடி ரேடியோல டிராமா பண்ணியிருக்கீங்களா? வாரா வாரம் சைக்கிள் மணி அடிக்குமே?"

எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு ஒருவர் கேட்கிறார். ஆமாம் என்றேன்.

"எங்கப்பாதான் உங்க வீட்டுக்காரர்" என்றாள். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு, "ரேடியோல" என்றாள்.

இருவரும் சிரித்தோம். அவர் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். அவள் முகம் மாறியது.

"போன வருஷம் ஸ்ட்ரோக் வந்துடுச்சு. கை கால் பரவால்ல, வாக்கர் வெச்சு நடக்கறாரு. பேச்சுதான் போயிடுச்சு. நாம சொல்றது எல்லாம் புரியுது. அவருக்கு வார்த்தை வரமாட்டேங்குது." பிறகு, "ஒரு தடவ வீட்டுக்கு வரீங்களா? படப்பைலதான் இருக்கோம்" என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஷேர் ஆட்டோவில் போனேன். டிரைவரிடம் தெருவைச் சொன்னதும், "இன்னாம்மா, அந்தப் புது மனை போட்ட எடமா? உள்ள ரோடு தோண்டி வெச்சிகினு கீறாங்க. முனையிலயே எறங்கிக்கோ" என்றார். முனையில் இறங்கி, பாதி கட்டிய வீடுகளுக்கு நடுவே நடந்தேன். நல்ல புடவை கட்டியிருந்தேன். அவருடைய மனைவி கதவைத் திறந்தார். குள்ளமாக, நெற்றி நிறையக் குங்குமத்தோடு இருந்தார். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "வாங்க. குரல வெச்சு இன்னும் உயரமா இருப்பீங்கன்னு நெனச்சேன்" என்றார்.

அவர் ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தார். முடி முழுக்க வெளுத்திருந்தது. வணக்கம் சொன்னேன். இடது கையை லேசாகத் தூக்கினார். என்னைத் தெரிந்ததா என்று சொல்ல முடியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன். மகள், "பேசுங்க ஆன்ட்டி" என்றாள்.

என்ன பேசுவது? அத்தனை வருடம் எதிரெதிரே நின்று எவ்வளவோ பேசியிருக்கிறோம். ஒரு வார்த்தைகூட எங்களுடையது இல்லை. உடம்பு எப்படி இருக்கிறது என்றேன். வெயில் அதிகம் என்றேன். அவர் உதடு எதையோ தேடி, கிடைக்காமல் நின்றது. அதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

சற்று நேரத்தில் மகள் அவரைப் பின்பக்கம் அழைத்துப் போனாள். நான் சமையலறையில் அந்த அம்மா காபி கலப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வாக்கர் தரையில் தட்டும் சத்தம் ஹாலுக்குத் திரும்பி வந்தது. நான் வெளியே வந்துகொண்டே, யோசிக்காமல், "வந்துட்டீங்களா?" என்றேன்.

அவர் நின்றார். தலையை நிமிர்த்தினார்.

"வந்துட்டேன். உன் குரலைக் கேட்டாத்தான் வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கு."

தடங்கல் இல்லை, குழறல் இல்லை. கொஞ்சம் கரகரத்திருந்தது, ஆனால் அதே குரல். மகள் "அப்பா!" என்று அவர் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "இன்னும் சொல்லுங்கப்பா, இன்னும் ஏதாவது சொல்லுங்க" என்றாள். அவர் எங்கள் முகங்களைக் குழப்பத்தோடு பார்த்தார். அவ்வளவுதான் இருந்தது. நான் திரும்பிப் பார்த்தேன். சமையலறை வாசலில் அந்த அம்மா டம்ளரோடு நின்றிருந்தார். டம்ளரை மேஜைமேல் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

பேச்சுப் பயிற்சி கொடுப்பவரிடம் மகள் கேட்டிருக்கிறாள். அப்படி நடப்பதுண்டாம். பேச்சு போன பிறகும் சிலருக்குப் பாட்டு வரும், சாமி மந்திரம் வரும், பல வருடம் திரும்பத் திரும்பச் சொன்ன வார்த்தை வரும் என்றாராம். "நீங்க வாரா வாரம் வந்தா நல்லாருக்கும்" என்று மகள் கேட்டாள். எனக்குப் போவதற்கு வேறு இடம் ஏது? ஞாயிற்றுக்கிழமைக்காகச் சனிக்கிழமையே புடவை எடுத்து வைக்கத் தொடங்கினேன்.

ஒவ்வொரு வாரமும் நான் கேட்பேன். அவர் சொல்வார். கண்ணை எங்கோ வைத்துக்கொண்டு, இசைத்தட்டு ஓடுவதுபோல் சொல்லி முடிப்பார். மகள் கைதட்டுவாள். ஆனால் அதற்கு அடுத்த வார்த்தை வரவே இல்லை.

ஒருநாள் மகள் கடைக்குப் போயிருந்தாள். அவர் தூங்கிக்கொண்டிருந்தார். அந்த அம்மா பின்பக்கப் படியில் உட்கார்ந்து அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தார். நானும் ஒரு கை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"நான் ஒண்ணு கேட்டா கோச்சுக்க மாட்டீங்களே?" என்றார்.

"கேளுங்க."

"அந்த நிகழ்ச்சிய ஒரு வாரம் விடாம கேட்டிருக்கேன். அடுப்பு பக்கத்துல ரேடியோ இருக்கும். முன்னாடியே பேசிப் பதிஞ்சிடுவீங்க இல்ல? அதனால சில நாள் ரேடியோல அவரு பேசிகினு இருக்கறப்பவே நேர்லயும் வூட்டுக்கு வருவாரு. அங்க, வூட்டுக்கு வந்த மாதிரி கீதுன்னு சொல்லுவாரு. இங்க, செருப்பக் கழட்டிட்டுத் தண்ணின்னுவாரு. நான் ரேடியோவ நிறுத்திட்டுத் தண்ணி எடுத்தாந்து குடுப்பேன்."

நான் நார் உரித்துக்கொண்டிருந்தேன்.

"உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல ஏதாவது..."

"இல்லீங்க. என்னை அம்மான்னுதான் கூப்பிடுவாரு. ஒரு டீகூடச் சேர்ந்து குடிச்சதில்ல."

"தெரியும். அவரு அப்படிப்பட்ட ஆளு இல்ல. இருந்திருந்தாகூட எனக்குப் புரிஞ்சிருக்கும். ஒண்ணுமே இல்லாத ஒருத்தர்கிட்ட அப்படிப் பேசத் தெரிஞ்ச மனுஷன் என்கிட்ட ஏன் பேசல? அதான் எனக்கு இன்னிக்கி வரைக்கும் புரியல."

"எழுதிக் குடுத்ததைப் படிச்சோம்மா. அவ்ளோதான்."

"எனக்கு யாரும் எழுதிக் குடுக்கலையே" என்றார் அந்த அம்மா.

கோபமாகச் சொல்லவில்லை. காய் ஆயும் கை நிற்கவில்லை. அந்த வாக்கியத்தை நானும் பல வருடம் என்னுடையதுபோல வீட்டுக்கு எடுத்துப் போயிருக்கிறேன் என்பதை அவரிடம் சொல்ல முடியவில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அதை நினைத்துக்கொண்டே சைதாப்பேட்டை வரை போன மாலைகள் எனக்கு உண்டு. அந்த மனிதரை நான் விரும்பினேனா என்று கேட்டால், இல்லை. அவரை எனக்குத் தெரியாது. ஒருவர் என்னைப் பார்த்து அப்படிச் சொல்வதை விரும்பினேன்.

அடுத்த வாரம் மகள் என்னிடம் ரகசியமாக, "ஆன்ட்டி, அம்மாவும் 'வந்துட்டீங்களா'ன்னு கேட்டுப் பாத்தாங்க. நான் இல்லாதப்ப. அப்பா திரும்பவே இல்லையாம்" என்றாள்.

அந்த அம்மா எப்படிச் சொன்னார் என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். நேர் எதிரே நின்றுகொண்டு, முகத்துக்கு நேராகக் கேட்டிருக்கிறார். சமையலறைக்குப் போய், "அப்படிக் கேட்டா அவருக்குப் பிடிபடாது. உள்ள இருந்து ஆரம்பிங்க. நடந்துகிட்டே கேளுங்க. கடைசி எழுத்துக்கு வரும்போது கிட்ட வந்துடணும்" என்றேன்.

"உங்க மாதிரி குரல மாத்தணுமா?"

"வேணாம். உங்க குரல்லயே கேளுங்க."

அவருக்கு வெட்கமாக இருந்தது. கதவைச் சாத்திக்கொண்டு இருவரும் ஒத்திகை பார்த்தோம். அடுப்பிலிருந்து கதவு வரை நடந்து வந்து அவர் கேட்பார், நான் அவர் கணவராக நின்றுகொண்டிருப்பேன். முதல் தடவை சத்தம் அதிகம், ஆட்டோக்காரரைக் கூப்பிடுவதுபோல் இருந்தது. இரண்டாவது தடவை பாதியில் சிரித்துவிட்டார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "இந்த வயசுல எனக்கு இது இன்னா வேல" என்றார். ஆனால் நான் கிளம்பும்போது, "அடுத்த வாரம் கொஞ்சம் சீக்கிரம் வாங்க" என்றார்.

சில வாரங்கள் ஒன்றும் நடக்கவில்லை. அந்த அம்மா கேட்பார், கணவர் பார்ப்பார், வாயைத் திறப்பார், மூடிக்கொள்வார். நான் கேட்டால் மட்டும் சட்டென்று வந்துவிடும். அந்த அம்மாவுக்கு எதிரில் கேட்கவே எனக்குக் கூச்சமாகிவிட்டது. நிறுத்திக்கொண்டேன்.

பிறகு மழை பெய்த ஒரு ஞாயிறு. நான் நனைந்துபோய் ஹாலில் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தேன். அவர் வராந்தாவில் மழையைப் பார்த்துவிட்டு வாக்கரைத் தட்டிக்கொண்டு உள்ளே வந்தார். சமையலறையிலிருந்து அந்த அம்மா, என்னை நினைத்தோ ஒத்திகையை நினைத்தோ இல்லாமல், அவர் ஈரமாகிவிட்டாரோ என்ற கவலையில் ஓடிவந்துகொண்டே கேட்டார்: "வந்துட்டீங்களா?"

"வந்துட்டேன்" என்றார் அவர்.

அதோடு நின்றது. உதடு தேடியது. நெற்றி சுருங்கியது. "உன்... உன் குர..." மறுபடியும் நின்றது. நான் அதைக் கேட்டபோது ஒருநாளும் இப்படித் தேடியதில்லை. அவர் கண் அந்த அம்மாவின் முகத்திலேயே இருந்தது. "வீடு" என்றார். மூச்சு வாங்கிக்கொண்டு, "நம்ம வீடு" என்றார்.

'நம்ம' என்ற வார்த்தை எங்கள் பக்கங்களில் எதிலும் இருந்ததில்லை.

அந்த அம்மா கையிலிருந்த துணியால் அவர் முழங்கையைத் துடைத்தார். ஈரமில்லாத இடத்தையும் துடைத்துக்கொண்டே இருந்தார். நான் துண்டை நாற்காலியில் போட்டுவிட்டு, மகளிடம் மட்டும் கையசைத்துவிட்டு வெளியே வந்தேன்.

மழை விட்டிருந்தது. வீட்டுக்குப் போக மனசில்லை. வல்லக்கோட்டை ஆட்டோ நின்றது, ஏறிவிட்டேன். கோயிலில் கூட்டமில்லை. முருகனைப் பார்த்துவிட்டுப் பிராகாரத்தில் உட்கார்ந்தேன். சந்தோஷப்பட வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆனால் என் பாத்திரத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டு, என்னை இனி வர வேண்டாம் என்று வானொலி நிலையத்தில் சொல்லியனுப்பியதுபோல்தான் இருந்தது. கொடுத்தது நானேதான். அப்படி இருந்தும் அழுகை வந்தது. பக்கத்தில் தேங்காய் மூடியைப் பிரித்துக்கொண்டிருந்த குடும்பம் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, கோயிலில் அழுகிறவர்களைப் பார்க்கும் சகஜத்தோடு திரும்பிக்கொண்டது.

அதற்குப் பிறகு வாரா வாரம் போகவில்லை. மாதத்தில் ஒருநாள் போனேன். அவர்களும் வற்புறுத்தவில்லை. அவர் பேச்சு பெரிதாகத் திரும்பிவிடவில்லை. 'தண்ணி', 'போதும்', 'நம்ம வீடு' என்று சில வார்த்தைகள். ஒருமுறை நான் உள்ளே நுழைந்ததும் "அம்மா" என்று என்னைக் கூப்பிட்டார். பழைய பழக்கத்தில் வந்த வார்த்தையா, என்னைத் தெரிந்து கூப்பிட்டாரா என்று இன்றுவரை தெரியாது.

மகளுக்கு ஓசூருக்கு வேலை மாறியது. அவர்கள் கிளம்பிய நாள் போயிருந்தேன். லாரியில் சாமான் ஏறிக்கொண்டிருந்தது. அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "தனியா கீறீங்க. உடம்பப் பாத்துக்கோங்க" என்றார். அவர் காரின் முன்னிருக்கையில் கிராம்பு மென்றுகொண்டு உட்கார்ந்திருந்தார். இந்தத் தடவை நான் விடைபெற்றுக்கொண்டேன்.

அங்கே போய்ச் சில மாதங்களில் அவர் இறந்துபோனார். மகள் செய்தி அனுப்பினாள். நான் போவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும் என்பதால் போகவில்லை. வானொலியில் யாருக்காவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. யோசித்துப் பார்த்தால் எங்களைத் தெரிந்தவர்கள் அங்கே யாரும் இல்லை. எனக்கு அவர் யார் என்று கேட்டால் சொல்ல ஒரு உறவு முறையும் இல்லை. அன்றைக்கு விளக்கு ஏற்றி வைத்துவிட்டு, சமைக்காமல் இருந்தேன்.

காரியமெல்லாம் முடிந்து கொஞ்ச நாள் கழித்து ஒரு ஞாயிறு மத்தியானம் அந்த அம்மாவே போன் செய்தார். நான் துக்கம் கேட்கத் தொடங்கினேன். குறுக்கே புகுந்தார்.

"அதெல்லாம் எல்லாரும் கேட்டாச்சு. நீங்க வேற ஏதாவது பேசுங்க. பொண்ணு ஞாயித்துக்கெழமகூட வேலைக்குப் போயிடுது. இங்க பக்கத்துல எல்லாம் தெலுங்கு, கன்னடம். எனக்கு ஒண்ணும் புரியல."

"என்ன பேசறது?"

"இன்னா வேணா பேசுங்க. இன்னிக்கி இன்னா சமச்சீங்க?"

"கத்திரிக்கா கொழம்பு."

"ஒரு ஆளுக்கா?"

"ஒரு ஆளுக்குத்தான். நாளைக்கும் அதையே வெச்சுப்பேன்."

"ரெண்டு நாள் வெச்சுச் சாப்பிடாதீங்க, வயித்துக்கு ஆவாது. அப்பறம்?"

பக்கத்து வீட்டுப் பையன்களைப் பற்றிச் சொன்னேன். அவர்களில் ஒருவனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது, சுவர் வழியாகக் கேட்டேன், பெண்ணிடம் பேசும்போது மட்டும் அவன் குரல் மாறிவிடுகிறது என்றேன். ஒட்டுக் கேட்பது தப்பு என்று திட்டிவிட்டு, பெண் எந்த ஊர் என்று விசாரித்தார். தெரியவில்லை என்றேன். அடுத்த தடவை கேட்டு வைக்கச் சொன்னார்.

"அப்பறம்?" என்றார்.

நான் யோசித்தேன். மாடியில் தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிவதைச் சொல்லலாம் என்று தோன்றியது. சொன்னேன்.